மத்தாப்புப் பெட்டியில் ஹெட்போன்காரர்

பாடுகிறவன் பெரியவனா, பின்னால் பீட் போடுகிறவன் பெரியவனா என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிவிடும். பாடுகிறவன்தான். இதில் பேச என்ன இருக்கிறது? மூச்சு விடாமல் நாலு நிமிஷம் வார்த்தையைக் கொட்டுகிறவன் ஒருத்தன், நாற்காலியில் உட்கார்ந்து பொத்தானை அமுக்குகிறவன் ஒருத்தன். இரண்டும் ஒன்றாகுமா? ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான் கத்துவேன். நான் கத்தி ஓய்ந்ததும் எதிரே உட்கார்ந்திருக்கும் தாயில்பட்டிக்காரன் நிதானமாகச் சொல்வான்: "சரிலே. அந்தப் பீட்ட நிப்பாட்டிட்டு அவனப் பாடச் சொல்லு பாப்போம். ரேஷன் கடையில சண்டை போடுற மாதிரி இருக்கும்."

எனக்கு வரும் கோபம் இருக்கிறதே!

அது இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில். விருதுநகரில் எங்கள் அத்தாவுக்குப் பருப்பு மொத்த வியாபாரம். காலேஜ் முடித்த கையோடு என்னையும் கடையில் உட்கார வைத்துவிட்டார். உளுந்து மூட்டைக்கும் துவரை மூட்டைக்கும் நடுவே உட்கார்ந்து நான் வாய்க்குள் ராப் பாடிக்கொண்டிருப்பேன். உதடு அசைவதைப் பார்த்துவிட்டு, மகன் ஏதோ ஓதிக்கொண்டிருக்கிறான் என்று அத்தா சந்தோஷப்பட்டுக்கொள்வார். அந்தச் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று நானும் விட்டுவிட்டேன்.

ராப் எனக்கு மலேசியாவிலிருந்து வந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, கிள்ளானில் மளிகைக் கடை வைத்திருந்தார். ஊருக்கு வரும்போது எல்லாருக்கும் தைலமும் சாக்லேட்டும் கொண்டுவருவார். எனக்கு மட்டும் அங்கத்துத் தமிழ்ப் பையன்கள் போட்ட ஹிப்ஹாப் சிடி. "இதென்னமோ பாட்டாம். கடைக்கு முன்னாடி நின்னுக்கிட்டு எந்நேரமும் இதத்தான் போட்டு உசுர வாங்குறானுக. எனக்குத் தலைவலி. உனக்குப் புடிக்கும்னு தோணுச்சு" என்று தருவார். தனக்குப் பிடிக்காத ஒன்றை, இன்னொருவனுக்குப் பிடிக்கும் என்று காசு கொடுத்து வாங்கிக் கடல் தாண்டித் தூக்கிவர எத்தனை பேருக்கு மனசு வரும்? மாமாவுக்கு வந்தது. அதற்கு நான் அவருக்கு இன்னும் சரியாக நன்றி சொன்னதில்லை. இதையே அந்த நன்றியாக அவர் வைத்துக்கொள்ளட்டும்.

எங்கள் கூட்டத்தில் மொத்தம் மூன்று பேர். மூன்றாவது ஆள், ஸ்டேஷன் பக்கம் பிரவுசிங் சென்டர் நடத்திய அக்கா. மாணவர்களுக்கு ரிசல்ட் பார்த்துக் கொடுப்பதும் ஜெராக்ஸ் எடுப்பதும்தான் பிழைப்பு. ஆள் இல்லாத நேரத்தில் அமெரிக்காக்காரன், பிரெஞ்சுக்காரன் என்று தேடித் தேடி ராப் இறக்கி வைப்பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டால் அந்த இடம் எங்களுடையது. இன்டர்நெட்டில் உலகம் முழுக்க இருக்கும் ஹிப்ஹாப் பைத்தியங்கள் கூடிப் பேசும் பக்கங்களை அக்கா எங்களுக்கு வாசித்துக் காட்டுவார். உனக்குப் பிடித்தது யார், கிடைக்க வேண்டிய பெயர் கிடைக்காமல் போனது யாருக்கு என்று ஊர் ஊராகச் சண்டை நடக்கும். "நம்ம மூணு பேரும் கிறுக்கு இல்லப்பா. உலகம் பூரா கிறுக்குதான்" என்பார்.

அதைப் பார்த்துத்தான் நாங்களும் ஒரு விதி வைத்துக்கொண்டோம். வாரம் ஆளுக்கு ஒரு பாட்டு கொண்டுவர வேண்டும். பாடியவரோ பீட் போட்டவரோ, மற்ற இருவரும் கேள்விப்படாத ஆளாக இருக்க வேண்டும். தெரிந்த ஆளைக் கொண்டுவந்தால் அன்றைக்கு எல்லாருக்கும் எண்ணெய் பரோட்டா அவர் செலவு. பெரிய பெயர்களைப் பற்றிப் பேச ஊரில் ஆயிரம் பேர் உண்டு, யாரும் பேசாத ஆளைப் பற்றி நாம் பேசுவோம் என்பது அக்காவின் கட்சி.

அக்கா ஒருமுறை, ஏதோ ஒரு குளிர் தேசத்திலிருந்து பாடும் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார். அடுத்தவர் வீட்டுப் பாத்திரம் கழுவும் தன் அம்மாவைப் பற்றி அவள் பாடுகிறாள் என்று அக்கா வரிவரியாகச் சொல்லச் சொல்ல, எனக்கு மூக்கை உறிஞ்ச வேண்டியதாகிவிட்டது. நான் ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளைப் பற்றிப் பாடும் ஒரு கிள்ளான் பையனைக் கொண்டுபோனேன். தாயில்பட்டிக்காரன் எப்போதுமே பாடுகிறவனைக் கொண்டுவர மாட்டான். பின்னால் பீட் போட்டவன்தான் அவனுக்கு வேண்டும். "இந்த இடத்துல பேஸ் சத்தம் எப்படி உள்ள வருது பாருலே, பூனை மாதிரி" என்று மேஜையைத் தட்டிக்கொண்டே இருப்பான்.

அவனுக்குச் சிவகாசியில் ஓர் ஆப்செட் பிரஸ்ஸில் வேலை. பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் டிசைன் போடுவான். ஏசி அறை, சுழல் நாற்காலி, கம்ப்யூட்டர். அவன் வீட்டில் அப்படி உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் அவன்தான். அப்பா இல்லை. அம்மா கம்பி மத்தாப்பு ஷெட்டில் வேலை பார்த்தார்கள். கம்பிகளைச் சட்டத்தில் அடுக்கி, மருந்தில் முக்கி, வெயிலில் காய வைக்கும் வேலை. அந்த மருந்தில் இருக்கும் அலுமினியப் பொடி கையில் ஏறிவிட்டால் எந்த சோப்புக்கும் போகாது. ரேகைக்குள், நகக்கண்ணுக்குள் எல்லாம் சாம்பல் பூத்த மாதிரி நிற்கும்.

ஒரு தடவை அம்மாவை விருதுநகருக்குக் கூட்டிவந்து பரோட்டாக் கடையில் உட்கார வைத்தான். நானும் போயிருந்தேன். இலை போட்டதும் அம்மா கையை மடிக்குள் வைத்துக்கொண்டார்கள். "பார்சல் சொல்லிருய்யா, வீட்டுல போயித் தின்னுக்கிறேன்" என்றார்கள். பக்கத்து மேஜைக்காரர்கள் யாரும் அவர்களைப் பார்க்கக்கூட இல்லை. ஆனாலும் அந்தக் கையை வெளியே எடுக்க அவர்களுக்கு மனசில்லை. அவன் பார்சல் சொன்னான். பஸ் ஏற்றிவிட்டு வரும்போது என்னிடம், "சீசன் முடிஞ்சதும் வேலையப் பெர்மனன்ட் பண்றேன்னு மொதலாளி சொல்லிருக்காருலே. அன்னைக்கே அம்மாவ நிக்கச் சொல்லிருவேன்" என்றான். அந்த வருஷம் முழுக்க அவன் அந்த ஒரே நினைப்பில்தான் இருந்தான்.

அந்த வருஷம் மாமா கொண்டுவந்த சிடியில்தான் அவனுடைய ஆள் கிடைத்தார். பின் அட்டைப் படத்தில் மூன்று பாடகர்கள் நெஞ்சை நிமிர்த்தி நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால், ஓரத்தில், பெரிய ஹெட்போன் மாட்டிய ஒருத்தர் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவர்தான் பீட் போட்டவர். சிடியின் கடைசிப் பாட்டில், உறுமிச் சத்தத்தை இழுத்து மெதுவாக்கி அதன் மேல் டிரம்ஸ் வைத்திருந்தார். ஒவ்வொரு நாலாவது சுற்றிலும் அடி விழ வேண்டிய இடத்தில் ஒன்றுமே இருக்காது. சும்மா விட்டிருப்பார். அந்த இடத்தில் நம் நெஞ்சு ஒரு தடவை தானாக அடிக்கும்.

"மத்தவனெல்லாம் ரொப்பத்தான் பாப்பான். இவரு விட்டுருக்காரு பாருலே!" என்று அவன் குதித்தான். நான் அந்தப் பாட்டு சவசவ என்று இருக்கிறது, பாடகனுக்கு இடமே கொடுக்கவில்லை என்றேன். பெரிய சண்டை. சிடியை வாங்கிக்கொண்டு போனவன் அந்த ஹெட்போன் முகத்தை ஸ்கேன் பண்ணி, பெரிதாக்கி, பிரஸ் கம்ப்யூட்டரில் போட்டு வைத்துக்கொண்டான்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது.

சிவகாசியில் பட்டாசு முதலாளிகள் தங்கள் பிள்ளை, பேரன் படத்தைப் பெட்டியில் போடுவது சகஜம். நாரணாபுரம் பக்கத்து மத்தாப்புக் கம்பெனிக்காரர் ஒருவர், தன் பேரன் படம் போட்டு ஏற்றுமதிப் பெட்டிக்கு டிசைன் கேட்டிருந்தார். படம் வரத் தாமதமானது. அந்த இடம் காலியாக இருந்தால் டிசைன் எப்படி நிற்கிறது என்று தெரியாது. அதனால் டம்மியாக ஏதாவது ஒரு முகத்தை வைப்பது வழக்கம். இவன் கைக்கு எட்டிய முகத்தை வைத்தான். யார் முகம் என்று சொல்லவும் வேண்டுமா? ஆர்டர் கொடுத்த பார்ட்டி வந்து பார்த்து, "நல்லாருக்கு, பேரன் படம் வந்ததும் மாத்திருங்க" என்று சொல்லிவிட்டு, பேரனுடைய முதல் பிறந்தநாளுக்குக் கோயம்புத்தூர் போய்விட்டார். படம் வந்தது. இவனும் மாற்றினான். ஆனால் பழைய ஃபைலும் புது ஃபைலும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. சீசன் நெருக்கடி. மிஷின் காலியாகிவிட்டது, பிளேட் எங்கே என்று முதலாளி கத்தினார். அவசரத்தில் இவன் அச்சுப் பிளேட் போடப் பழைய ஃபைலை அனுப்பிவிட்டான்.

வேறு ஊராக இருந்தால் யாராவது ஒருத்தர், இது யார் படம் என்று கேட்டிருப்பார். சிவகாசியில் யாரும் கேட்க மாட்டார்கள். அங்கே லேபிளில் புலி வரும், விமானம் வரும், யாரென்றே தெரியாத வெள்ளைக்காரக் குழந்தை வரும். ஹெட்போன் போட்ட ஒருத்தர் வந்தால் என்ன? அச்சடித்தார்கள், அட்டை வெட்டினார்கள், பெட்டி ஒட்டினார்கள், மத்தாப்பை ரொப்பி லோடு ஏற்றித் தூத்துக்குடிக்கு அனுப்பிவிட்டார்கள். பார்ட்டி திரும்பி வந்து மிச்சமிருந்த பெட்டியைக் கையில் எடுத்தபோது கப்பல் போய்விட்டது.

"எம் பேரன எங்கய்யா?" என்று கேட்டுக்கொண்டே பிரஸ்ஸுக்குள் வந்தாராம். "இது எந்த ஊர்க்காரன்யா? மகளுக்கு நான் என்னத்தக் காட்டுவேன்?" இதில் இன்னொரு கொடுமை, இவன் அம்மா வேலை பார்த்தது அதே பார்ட்டியின் ஷெட்டில்தான். அது அவருக்கும் தெரியும். "ஆத்தா நம்மகிட்டதான வேல பாக்குது? ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசிக்கிறேன்" என்று போய்விட்டார். பிரஸ் முதலாளி அதட்டவில்லை. "சீசன் முடியட்டும், பேசிக்குவோம்" என்று மட்டும் சொன்னார். அந்தப் பேச்சுக்கு வேறு வேலை பார்த்துக்கொள் என்று அர்த்தம் என்பது சிவகாசியில் வேலை பார்க்கும் எல்லாருக்கும் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். சிடியை என் கையில் கொடுத்தான். "இனி எனக்கு வேண்டாம்லே. பீட்டு கேட்டது போதும்" என்றான். எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். "ஏலே கூறுகெட்டவனே, வைக்கிறதுதான் வச்சே, ஒரு பாடகன் படத்த வச்சிருக்கக் கூடாதா?" என்று கத்தினேன். அவன் சிரிக்கவில்லை. அக்கா என்னை முறைத்தார். அவன் போய்விட்டான். அதற்கப்புறம் சில வாரம் வரவே இல்லை. இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து பாட்டுக் கேட்டால் சண்டையில் ருசியே இல்லை.

ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்குக் கை அரித்தது. செய்ய என்ன இருக்கிறது? மாமாவுக்குப் போன் போட்டேன். அந்த லோடு போனது மலேசியாவுக்குத்தான். தீபாவளி நெருங்கும்போது அவர் கடையிலும் மத்தாப்பு விற்பார். இப்படி ஒரு பெட்டி அங்கே வந்திருக்கிறதா, ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். "ஆமா, கெடக்குது. எவன் அட்டையப் பாத்து மத்தாப்பு வாங்குறான்? போடா" என்று வைத்துவிட்டார்.

அதே மாமா ஒரு வெள்ளிக்கிழமை தானாகவே கூப்பிட்டார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"டேய், ஒரு அம்மா கடைக்கு வந்தாங்க. விளக்குத்திரி எடுக்க வந்தவங்க, அந்தப் பெட்டியக் கையில எடுத்து அப்படியே நின்னுட்டாங்க. என்னம்மான்னு கேட்டா, இது எம்பையன்ங்கிறாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. உள்ள இருந்த பெட்டி பூராத்தையும் எடுக்கச் சொல்லிட்டாங்கடா. சொந்தக்காரங்க வீட்டுக்கெல்லாம் குடுக்கணுமாம். 'ரூமுக்குள்ள கதவச் சாத்திக்கிட்டு உம்மவன் என்னதான் பண்றான்னு கேட்டாங்கல்ல, இப்பப் பாக்கட்டும்'னு சொல்லி அழுறாங்க. எனக்கும் கண்ணு கலங்கிருச்சு." பிறகு, "அந்த அம்மாவோட பையன் உங்க நம்பர் கேக்குறான். குடுக்கவா?" என்றார்.

அக்காவின் நம்பரைச் சொல்லி, ஞாயிறு மத்தியானம் கூப்பிடச் சொல்லிவிட்டு, நான் பைக்கை எடுத்துக்கொண்டு தாயில்பட்டிக்குப் போனேன். அவன் வர மாட்டேன் என்றான். படத்தைக் கேட்காமல் போட்டதற்கு அவர் திட்டத்தான் கூப்பிடுகிறார் என்றான். "திட்டுனா வாங்கிக்கிடு. ஒன் ஆளு வாயால திட்டு வாங்க குடுத்து வச்சிருக்கணும்லே" என்று இழுத்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிறு மத்தியானம் அக்காவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். பேச்சுக்குப் பேச்சு மலேசியாக்காரர்களின் 'லா' ஒட்டிய குரல்.

"வணக்கம்லா. எம்மூஞ்சிய மத்தாப்புல போட்ட தம்பி யாரு?"

"நாந்தான் சார். மன்னிச்சிருங்க சார். மாறிப்போச்சு. வேணும்னு செய்யல." ஒரே மூச்சில் சொன்னான்.

அவர் சிரித்தார். "மன்னிப்பு எதுக்குலா? ஒன்னு கேக்கணும். படத்துல மூணு பேரு முன்னால நிக்கிறாங்க. நான் பின்னால கெடக்கேன். என்னைய எதுக்கு எடுத்தீங்க?"

இவன் என்னைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். பிறகு போன் பக்கத்தில் மேஜையில் விரலால் தட்டத் தொடங்கினான். அந்தக் கடைசிப் பாட்டின் அடி. ஒரு சுற்று, இரண்டு, மூன்று. நாலாவது சுற்றில் அந்த இடம் வந்ததும் விரலைத் தூக்கி அப்படியே நிறுத்தினான். மறுபடி தட்டினான்.

லைன் போய்விட்டதோ என்று அக்கா போனை எட்டிப் பார்த்தார்.

"அந்தக் காலி எடத்த ரொப்பு ரொப்புன்னு எல்லாரும் சண்டை போட்டாங்க தம்பி," என்றது குரல். "பாடுனவங்களும் சொன்னாங்க. நான் ரொப்பல. யாருக்கும் அது கேக்கலன்னு நெனச்சேன்லா. ரொம்ப நன்றி தம்பி."

ரொப்பச் சொன்னவர்களின் கட்சியில் இருந்தவன் நான். இவன் அழுதுகொண்டே, வேலை போகப் போகிறது, அம்மா அதே ஷெட்டில் இருக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டான். அந்தப் படம் அங்கேயே இருக்கட்டும், தனக்குச் சம்மதம் என்று எந்த முதலாளியிடமும் சொல்லத் தயார் என்றார் அவர்.

சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. தன் கூட்டாளிகளிடம் அவர் பெட்டியைக் காட்ட, அந்தப் பையன்கள் கிள்ளான் முழுக்க ஹெட்போன்காரர் மத்தாப்பைத் தேடி அலைந்திருக்கிறார்கள். அங்கே இறக்குமதி செய்தவர் நம் பார்ட்டிக்குப் போன் போட்டு, அடுத்த வருஷத்துக்கும் அதே படம் வேண்டும், இரண்டு பங்கு ஆர்டர் என்றிருக்கிறார். பார்ட்டி மறுநாளே பிரஸ்ஸில் வந்து நின்றார். பேரன் கதையெல்லாம் எங்கோ போய்விட்டது.

"ஏப்பா, யாரு அவரு? பெரிய ஆளா?" என்று இவனிடம் கேட்டாராம்.

"ஆமா அண்ணாச்சி. ரொம்பப் பெரிய ஆளு."

"அப்படியா? அவரு இருந்துட்டுப் போறாரு. பேரன சின்னப் பெட்டியில போட்டுக்குவோம்."

சீசன் முடிந்ததும் பிரஸ் முதலாளி சொன்னபடி பேசினார். வேலை பெர்மனன்ட். அன்று சாயங்காலமே இவன் அம்மாவை ஷெட்டிலிருந்து நிறுத்திவிட்டான். அம்மா நம்பவில்லையாம். "நெசமாத்தான் சொல்றியா? நாளைக்குக் காலையில வண்டி வருமேய்யா" என்று இரண்டு மூன்று நாள் வேன் வரும் நேரத்துக்குத் தானாக எழுந்து வாசலில் நின்றிருக்கிறார்கள்.

பொங்கல் கழிந்து, வெயில் ஏறத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு அவன் அக்காவின் சென்டருக்கு வந்தான். வந்தவன் நேரே கம்ப்யூட்டரில் ஹெட்போன்காரர் படத்தைத் திறந்துவைத்து, அந்தக் கடைசிப் பாட்டைப் போட்டான்.

"இது செல்லாது," என்றார் அக்கா. "தெரிஞ்ச ஆளு."

"அதானே!" என்றார்கள் அம்மா. "எனக்கே தெரியுமே இவுகள. ஷெட்டுல பெட்டியெல்லாம் அடுக்கியிருந்தாகல்ல. மொதலாளி வீட்டு மருமகப் புள்ளையோன்னுல்ல நெனச்சேன்!"

தோற்றுப்போன ஒருவன் இப்படிப் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை. "வாங்க, பரோட்டா என் செலவு" என்றான்.

அதே கடை. அதே மேஜையாகக்கூட இருக்கலாம். இலை போட்டார்கள், சால்னா ஊற்றினார்கள். அவனும் நானும் பேச்சை நிறுத்திவிட்டு வேறு எங்கோ பார்ப்பது போல் உட்கார்ந்திருந்தோம். அம்மா பார்சல் கேட்கவில்லை. கையை எடுத்து இலையில் வைத்தார்கள். நகக்கண்ணில்கூடச் சாம்பல் நிறம் இல்லை. எல்லா அம்மாக்களின் கையையும் போல இருந்தது. பரோட்டாவைப் பிய்த்து, சால்னாவில் நன்றாகப் பிசைந்து வாயில் போட்டார்கள்.

அவன் என் பக்கம் திரும்பி, கண்ணைத் துடைக்காமலே கேட்டான்: "இப்பச் சொல்லுலே. பாடுறவன் பெரியவனா, பீட் போடுறவன் பெரியவனா?"

"பாடுறவன்தான்," என்றேன். "இன்னைக்கு ஒரு நாளைக்கு வேணா சண்டை வேண்டாம்."

அம்மா எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. பரிமாறுகிறவரைக் கைகாட்டிக் கூப்பிட்டு, இன்னொரு பரோட்டா வைக்கச் சொன்னார்கள்.